சுருக்குப்பையிலிருந்து ஹேண்ட்பேக் வரை

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பை தையல் பயிற்சி முடித்த குழுக்களின் சார்பாகப் பேசிய உரை)



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். "பை தைக்கிற பயிற்சி எடுத்தீங்கள்லா, அதப் பத்தி கொஞ்ச நேரம் பேசுங்க"ன்னு செயலாளர் அக்கா சொன்னாங்க. பையைப் பத்தி பேச என்ன இருக்கு, ரெண்டு பக்கம் தச்சு காது வச்சா பைன்னுதான் முதல்ல நினைச்சேன். எங்க வீட்டுப் பாப்பா பிளஸ் ஒன் படிக்கிறா. அவகிட்ட போன்ல பாக்கச் சொல்லியும், நூலகத்துல இருந்து புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்லியும் படிச்சுப் பார்த்தேன். பைக்குள்ள இவ்வளவு கதை இருக்கான்னு ஆச்சரியமா இருந்தது. அதைத்தான் உங்ககிட்ட பகிர்ந்துக்கப் போறேன்.

முதல்ல இந்த மண்டபத்தையே பாருங்க. தோள்ல மாட்டுற ஹேண்ட்பேக் இருக்கு. ஜவுளிக்கடை கட்டைப்பை இருக்கு. வயர் கூடை இருக்கு. மஞ்சப்பை இருக்கு. அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்கிற ஆச்சி இடுப்புல சுருக்குப்பை இருக்கு. ஒரு நூறு வருஷக் கதை இந்த ஒரு மண்டபத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கு.

நம்ம ஆச்சிமார் காலத்துல ஹேண்ட்பேக் எங்க இருந்தது? காசுன்னா முந்தானை முடிச்சு. கொஞ்சம் பெரிய சாமான்னா மடி. களை எடுக்கப் போன இடத்துல நாலு கத்தரிக்கா குடுத்தாலும் மடியிலதான் கட்டிட்டு வருவாங்க. அதுக்கு மேல சுருக்குப்பை. பழைய சேலைத் துணி, தையல்காரர் வெட்டிப் போட்ட துண்டுத் துணி இதையெல்லாம் சேர்த்துத் தச்சது. வாயில ரெண்டு பக்கமும் கயிறு கோத்திருப்பாங்க. இழுத்தா சுருங்கிடும். வெத்தலைக்கு ஒரு அறை, பாக்குக்கு ஒரு அறை, சுண்ணாம்பு டப்பி, ரேகை வைக்கிற காலத்துல வாங்கின சீட்டு, நாலணா எட்டணா எல்லாம் அதுக்குள்ள. இடுப்புல சொருகிட்டா ரெண்டு கையும் சும்மா இருக்கும். வேலை பார்க்கலாம்.

சாமான் சுமக்கிறதுக்கு ஓலைப் பெட்டி, ஓலைக் கொட்டான். பனை நம்ம சீமை மரம். திருச்செந்தூர் பக்கம் மணப்பாட்டுல இன்னைக்கும் பெண்கள் சங்கமா சேர்ந்து பனை ஓலையில பெட்டியும் பையும் முடையுறாங்க. பத்தமடையில கோரைப் பாய் நெய்யுற அதே கோரையில இப்ப கைப்பையும் செய்யுறாங்க. பாய்க்குப் பேர் போன ஊர், பைக்கும் பேர் வாங்கிட்டு இருக்கு.

இப்ப வெளிநாட்டுக் கதைக்கு வர்றேன். 1991ல ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ள ஒரு ஆளோட உடம்பு கிடைச்சது. சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தின மனுஷன். அவர் இடுப்பு வார்ல ஒரு தோல் பை தச்சிருந்தது. அதுக்குள்ள கல்லுல செஞ்ச சின்னக் கருவிகள் இருந்ததாம். அப்ப நம்ம ஆச்சி சுருக்குப்பை சொருகின இடத்துலதான் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால அந்த மனுஷனும் பை வச்சிருக்கார்.

ஐரோப்பாவுல ரொம்ப காலம் ஆணும் பெண்ணும் இடுப்புலதான் பையைத் தொங்க விட்டாங்க. அப்புறம் 17, 18ஆம் நூற்றாண்டுல ஆம்பளைங்க கோட்டுலயும் கால்சட்டையிலயும் பாக்கெட் வச்சுத் தச்சுட்டாங்க. பொம்பளைங்க உடுப்புல தைக்கல. அவங்க ஒரு நாடாவுல ரெண்டு பையைக் கோத்து, பாவாடைக்கு உள்ளால இடுப்புல கட்டிக்கிட்டாங்க. பாவாடை மடிப்புல ஒரு கீறல் இருக்கும். அது வழியா கையை விட்டு எடுப்பாங்க. 18ஆம் நூற்றாண்டு முடியப் போற சமயத்துல உடம்போட ஒட்டின மெல்லிசான கவுன் வழக்கத்துக்கு வந்தது. உள்ள பை கட்டினா புடைச்சுக்கிட்டுத் தெரியும். அதனால பையை வெளிய எடுத்து கையில தூக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு ரெட்டிக்யூல்னு பேர். படத்தைப் பார்த்தா சிரிப்பா வரும். அப்படியே நம்ம சுருக்குப்பை! கயிறு இழுத்தா சுருங்குற அதே பை. பூ வேலை, மணி வேலை செஞ்சிருப்பாங்க, அவ்வளவுதான். பாரீஸ் சீமாட்டி கையில அது ஃபேஷன். நம்ம ஆச்சி இடுப்புல இருந்தா பட்டிக்காடு.

இதுல நான் படிச்சு அதிர்ந்து போன ஒரு விஷயம் சொல்றேன். அந்தச் சீமாட்டி கையில பை இருந்தது, ஆனா அதுக்குள்ள இருக்கிற காசு அவளோடது இல்ல. இங்கிலாந்துல கல்யாணம் ஆன பெண் வேலை பார்த்துச் சம்பாதிச்சாலும் அது சட்டப்படி புருஷன் சொத்து. 1870லதான் அவ சம்பாத்தியம் அவளுக்கேன்னு சட்டம் வந்தது. 1882ல வந்த சட்டம்தான் சொத்தையும் அவ பேர்ல வச்சுக்கலாம்னு சொன்னது. பை வந்து பல காலம் கழிச்சுத்தான் பைக்குள்ள உரிமை வந்திருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னால திரும்ப வர்றேன்.

அடுத்து ரயில் வந்தது. பெண்கள் ஊர் விட்டு ஊர் போனாங்க. பயணப் பெட்டி, தோல் பை எல்லாம் செய்யுற கடைகள் வந்தது. லூயி வுட்டான்னு ஒருத்தர் 1854ல பாரீஸ்ல பயணப் பெட்டிக் கடை போட்டார். அந்தப் பேர் போட்ட பைதான் இன்னைக்கு சினிமா நடிகைகள் கையில இருக்கு. 1955 பிப்ரவரியில கோக்கோ ஷனெல்ங்கிற அம்மா, தோள்ல மாட்டுற மாதிரி சங்கிலி வச்ச பை ஒண்ணு கொண்டு வந்தாங்க. மாசத்தையும் வருஷத்தையும் சேர்த்து அதுக்கு 2.55ன்னே பேர். அதுவரைக்கும் பெரிய வீட்டுப் பெண்கள் பையைக் கையிலதான் பிடிக்கணும். தோள்ல மாட்டினதும் கை ரெண்டும் விடுதலை ஆச்சு. நம்ம ஆச்சிக்கு அந்த விடுதலை முன்னாலேயே இருந்தது!

ஹெர்மெஸ்னு ஒரு கம்பெனி. ஜேன் பர்கின்ங்கிற நடிகை பேர்ல 1984ல ஒரு பை கொண்டு வந்தாங்க. அந்த நடிகைக்குன்னு செஞ்ச முதல் பை 2025 ஜூலையில பாரீஸ்ல ஏலம் போச்சு. விலை சுமார் 86 லட்சம் யூரோ. நம்ம காசுக்கு 80 கோடி ரூபாய்க்கு மேல. பாப்பா சொன்னப்ப நான் நம்பல, ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன். உள்ள தங்கமா வச்சிருந்தாங்க? இல்ல. பழைய தோல் பை. அந்தப் பேருக்கும் கதைக்கும்தான் அவ்வளவு காசு.

ஆனா தோல் பைக்குப் பின்னால நம்ம தமிழ்நாட்டுப் பெண்களும் இருக்காங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடுறதும், செருப்பு, பை தைக்கிறதும் பெரிய தொழில். ஆயிரக்கணக்கான பெண்கள் அங்க வேலை பார்க்கிறாங்க. வெளிநாட்டுக்குப் போற சாமான் அது. அதே தொழிலால பாலாத்துத் தண்ணி கெட்டுப் போய், வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996ல தீர்ப்பு வந்தது. அழகான பையைப் பார்க்கும்போது, அதைத் தச்ச கையையும், அதுக்காகக் கெட்ட கிணத்தையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

நம்ம ஊருக்கு வருவோம். கிராமத்துல முதல்ல ஹேண்ட்பேக் மாட்டிட்டு வந்தது யாரு? டீச்சரும் நர்சம்மாவும்தான். பஸ்ஸ விட்டு இறங்கும்போதே தெரியும். அந்தப் பை இருந்தா அது சம்பளம் வாங்குற பெண்ணுன்னு அர்த்தம். நம்ம அம்மாமார் ஆசையா பார்த்தாங்க. அவங்க கையில வயர் கூடை இருந்தது. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சுன்னு விதவிதமா பின்னினாங்க. சோத்துச் சட்டியும் போகும், தண்ணிச் செம்பும் போகும், பத்து வருஷம் உழைக்கும். மத்தியானம் வெயில் தாழுற வரைக்கும் திண்ணையில உட்கார்ந்து பின்னி, கடைசியில அதையும் அஞ்சு பத்துக்குத்தான் வித்தாங்க.

மஞ்சப்பை கதை எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டுல தேங்காய், வெத்தலை பாக்கு போட்டுக் குடுத்த தாம்பூலப் பை அது. மஞ்சள் மங்கலம்னு அந்த நிறத்துல குடுத்தாங்க. ஜவுளிக் கடையிலயும் பேர் அச்சடிச்சுக் குடுத்தாங்க. அப்புறம் என்ன ஆச்சு? பிளாஸ்டிக் கவர் வந்தது. காது வச்ச அந்தக் கவருக்கு ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி ஒண்ணு 1965ல காப்புரிமை வாங்கியிருக்கு. அது நம்ம ஊர்க் கடை வரைக்கும் வந்து சேர்ந்ததும், பை கொண்டு போறதே கேவலமாப் போச்சு. "மஞ்சப்பையைத் தூக்கிட்டு வந்துட்டான்"னு பட்டணத்துல கிண்டல் பண்ணாங்க. 2014ல அந்தப் பேர்லயே ஒரு சினிமாவும் வந்தது, ராஜ்கிரண் நடிச்சது.

இப்ப காத்து திரும்பி அடிக்குது. 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற 14 வகைப் பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை. 2021 டிசம்பர் 23ல அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டுல 10 ரூபாய் போட்டா மஞ்சப்பை வர்ற மெஷினே வச்சாங்க. கிண்டல் பண்ண பட்டணத்துலயே மெஷின் வச்சுக் குடுக்காங்க பாத்தீங்களா!

இதுல தைக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, கடையில துணி மாதிரியே மொரமொரன்னு ஒரு பை குடுப்பாங்க. புள்ளி புள்ளியா அச்சு இருக்கும். அது நெய்த துணி இல்ல, அதுவும் பிளாஸ்டிக்தான். தடைப் பட்டியல்லயும் அது இருக்கு. ஓரத்துல நூல் உருவிப் பாருங்க, நூல் வந்தா துணி. வரலைன்னா ஒரு மூலையைக் கத்தரிச்சு நெருப்புல காட்டுங்க. பருத்தி சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும்.

ரெண்டாவது, துணிப்பைன்னா உடனே நல்லதுன்னு சொல்லிட முடியாது. பருத்தி விளைய தண்ணி வேணும், உரம் வேணும், நூற்க நெய்ய கரண்ட் வேணும். இங்கிலாந்து அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் நிறுவனம் 2011ல கணக்குப் போட்டு, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினாத்தான் சூடு ஏறுற விஷயத்துல அது ஒரு பிளாஸ்டிக் கவரை விட மேல்னு சொன்னாங்க. 131 தடவை நமக்குப் பெரிசா? வாரம் ரெண்டு தடவை சந்தைக்குப் போனா ஒண்ணேகால் வருஷம். நம்ம வீட்டு மஞ்சப்பை அதுக்கு மேலயும் உழைச்சு, கடைசியில கைப்பிடித் துணியா அடுப்படிக்குப் போகும். ஆனா காது பிஞ்சு ஆறே மாசத்துல போற பையைத் தச்சுக் குடுத்தோம்னா அது குப்பைதான். அதனால காது தைக்கிற இடத்துல சதுரமா ஓட்டி, நடுவுல குறுக்கே ரெண்டு தையல் போடச் சொல்லி பயிற்சியில கண்டிப்பா சொன்னாங்க. அஞ்சு கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் நாங்க பையைக் கட்டுல சேர்க்கிறோம்.

இப்ப கணக்குக்கு வர்றேன். கணக்குதான் நான் இன்னைக்குப் பேச வந்ததே.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊரு. காட்டன் சேலைக்குப் பேர் போன ஊரு. துணிக்கு நாம தூரமாப் போக வேண்டியது இல்ல. 36 அங்குல அகலத் துணி 1 மீட்டர் எடுத்தா, 13க்கு 15 அங்குலத்துல 2 பை வரும், காதுக்கும் துணி மிஞ்சும். நாங்க வாங்கின துணி மீட்டர் 64 ரூபாய். அப்ப பைக்குத் துணி 32. நூலும் கரண்ட்டும் 2. அச்சு 3. பஸ் கூலி 1. ஆக 38 ரூபாய். ஒரு கடையில 40 ரூபாய்க்குக் கேட்டாங்க. "பைக்கு ரெண்டு ரூபா லாபம், குடுத்துருவோம்"னு எங்க குழுவுலயே பாதிப் பேர் சொன்னாங்க.

அப்ப ஒரு அக்கா கேட்டாங்க: "நான் குனிஞ்சு உட்கார்ந்து தச்சதுக்கு எத்தன ரூவா எழுதியிருக்கீக?" நோட்டைப் பார்த்தோம். எழுதவே இல்ல. துணிக்கு விலை போட்டோம், நூலுக்குப் போட்டோம், பஸ்ஸுக்குக் கூடப் போட்டோம். கைக்குப் போடல.

வெட்டி, காது திருப்பி, தச்சு முடிக்க ஒரு பைக்கு 20 நிமிஷம் ஆகுது. மணிக்கு 3 பை. வீட்டு வேலை போக 6 மணி நேரம் உட்கார்ந்தா 18 பை. ரெண்டு ரூபாய் வீதம் 36 ரூபாய். ஒரு நாள் முழுக்க! 2025ல நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியை 18 பைக்குப் பங்கு வச்சா பைக்கு கிட்டத்தட்ட 19 ரூபாய். 38ம் 19ம் 57. மிஷின் தேய்மானம், ஊசி எல்லாம் சேர்த்து 60 ரூபாய்க்குக் குறைஞ்சா நமக்கு நட்டம். துணி விலை நாளைக்கு மாறும். கணக்குப் போடுற முறையை மட்டும் எழுதி வச்சுக்கோங்க.

60 சொன்னதும் அந்தக் கடையில வேண்டாம்னுட்டாங்க. சரின்னு வந்துட்டோம். நாலு வாரம் மிஷின் சும்மாதான் கிடந்தது. பேச்சும் வாங்கினோம். அப்புறம் ஒரு கல்யாண வீட்டுல 200 தாம்பூலப் பை கேட்டாங்க. அது சின்ன அளவு, மீட்டருக்கு 4 பை வரும். மாப்பிள்ளை பொண்ணு பேர் அச்சடிச்சு, கூலியும் சேர்த்து விலை சொன்னோம். மறு பேச்சு இல்லாம வாங்கினாங்க. பேர் போட்ட பைக்கு மதிப்பு இருக்குன்னு பாரீஸ்காரனுக்கு மட்டுமா தெரியும்? நம்ம கல்யாண வீட்டுக்காரங்களுக்கும் தெரியும். பை எங்க விக்கும்னு நாம தேடிப் போகணும். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கான ஜனம் கோமதி அம்மனைப் பார்க்க வருது. அத்தனை பேரும் ஏதோ ஒரு கவர்ல எதையோ வாங்கிட்டுத்தான் போறாங்க. அந்த ரத வீதியில நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கடை வேண்டாமா?

கடைசியா ஒரு விஷயம். எல்லாரும் உங்க மடியில இருக்கிற பையைத் திறந்து பாருங்க. வெளிய எடுக்க வேண்டாம், உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்.

குழு பாஸ்புக் இருக்கும். அது சும்மா வரல. 1989ல தருமபுரியில முதல் குழுக்கள் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம்தான் தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்குன்னு சட்டமும் வந்தது. 1992ல நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோட இணைக்கிற திட்டம் கொண்டு வந்தது. முந்தானையில முடிஞ்சு வச்ச காசு, நம்ம பேர்ல, நம்ம கையெழுத்துல வங்கிக்குள்ள போனது அப்படித்தான்.

பாஸ்புக்குக்குப் பக்கத்துல வேற என்ன இருக்கு? வாரக் கடன் அட்டை. சிலர் பையில ஒண்ணு. சிலர் பையில மூணு, நாலு. எங்க குழுவுல ஒரு தங்கச்சி பையில அஞ்சு இருந்தது. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒருத்தர் வாசல்ல. ஒரு அட்டையைக் கட்ட இன்னொரு அட்டை. கடன் வாங்கினது அவ பேர்ல, செலவழிச்சது அவ கையால இல்ல. ராத்திரி எட்டு மணிக்கும் வந்து உட்கார்ந்திருந்தாங்க. அவ யார்கிட்டயும் சொல்லல. பை புதுசு, நல்ல பை. உள்ள இருந்ததுதான் அவளை உறங்க விடல.

ரிசர்வ் வங்கி 2022ல போட்ட விதியைத் தெரிஞ்சுக்கோங்க. இந்த நுண்கடன்ல, வீட்டோட எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. அதுக்கு மேல போற மாதிரி கடன் குடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலயும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலயும் போன் பண்ணித் தொந்தரவு பண்ணக் கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியுற மொழியில இருக்கணும். இதை எடுத்துச் சொல்ல, அந்தத் தங்கச்சியோட நாங்க நாலு பேர் வாசல்ல நின்னோம். அதுக்கப்புறம் ஆறு மணிக்கு மேல யாரும் வர்றது இல்ல. ரெண்டு அட்டையைக் குழு உள்கடன்ல முடிச்சாச்சு. மிச்சம் மூணு இன்னும் இருக்கு. அவ இப்ப எங்களோட பை தைக்கிறா.

இங்கிலாந்துச் சீமாட்டி கதை சொன்னேன்லா? கையில பை, உள்ள அவ காசு இல்ல. நம்ம நிலைமை அப்படி ஆயிடக் கூடாது. அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு: எந்தக் குழு எந்தப் பொருள் செஞ்சாலும், விலைக் கணக்குல முதல் வரி உழைப்புக் கூலியா இருக்கணும். கூலி எழுதாத கணக்கைத் தீர்மான நோட்டுல ஏத்தக் கூடாது. ஒரு குழு 60 சொன்னா, அடுத்த குழு போய் 40க்குக் குடுக்கக் கூடாது.

ரெண்டு: வர்ற ஆடித்தபசுக்கு நம்ம கூட்டமைப்பு பேர்ல பைக் கடை போட அனுமதி கேட்டு மனு குடுக்கணும். இப்பவே கேட்டாத்தான் கிடைக்கும்.

மூணு: மாசம் ஒரு கூட்டத்துல, அவரவர் கையில எத்தன கடன் அட்டை இருக்குன்னு வாய் திறந்து சொல்லணும். யாரும் யாரையும் ஏசக் கூடாது. சொன்னவளுக்கு என்ன வழின்னு மட்டும் பேசணும்.

என் பேச்சுல சபைக்கு ஒவ்வாத வார்த்தை ஏதும் வந்திருந்தா பெரியவங்க பொறுத்துக்கோங்க.  வெளிய வாசல்ல எங்க குழு பை வச்சிருக்கோம். பெரிசு 60, தாம்பூலப் பை 30. தூக்கிப் பாருங்க, இழுத்துப் பாருங்க, பிடிச்சிருந்தா வாங்குங்க. விலை மட்டும் குறைச்சுக் கேட்காதீங்க.